தம்பியை நீக்கிய கூட்டம்

மழை விட்டும் சர்ச் கூரை சொட்டிக்கொண்டே இருந்தது. பள்ளிக் குழு கூடி வெகுநேரமாகியும் யாரும் விஷயத்துக்கு வரவில்லை. தலைவி லாவாவுக்கு இடுப்பு விட்டுப்போனது.

அத்தயால் பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளியை அத்தயால்காரர்களே நடத்த வேண்டுமென்று தைவான் மலையிலிருந்து இறங்கி, மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவள் அவள். பாடம் வகுப்பதும், வாத்தியாரை வைப்பதும் நீக்குவதும் இப்போது ஊரார் கையில். முதல்முறையாக ஒருவரை நீக்க வேண்டியிருந்தது. அவளுடைய தம்பி பெஹுய்யை.

பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுப் பாடம் எடுப்பவன். போன வாரம் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். பிள்ளைகள் ஓடைக்கரையில் நனைந்தபடி காத்துக் கிடந்தார்கள். அது முதல் தடவையும் அல்ல.

"பேசுங்கப்பா. வாயில என்ன, தினை உருண்டையா?"

"உன் தம்பியாச்சே, நீயே சொல்லு," என்றார் கடைக்காரர் வாதான். "எனக்கு மச்சான் முறை. நான் வாயைத் திறந்தா வீட்டுல சோறு கிடைக்காது."

மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி லின் தொண்டையைக் கனைத்தார். "நீங்க சங்கடப்படாதீங்கம்மா. எங்க ஆபீஸ் பேர்ல உத்தரவு போட்டுடறோம். பழி எங்களோட போகட்டும்."

எல்லார் முகமும் தெளிந்தது. லாவாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. 'நான் என்னடா பண்ணுவேன், மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிவிட்டு, தம்பியோடு சேர்ந்து அலுவலகத்தைத் திட்டலாம். திட்டித்தானே இத்தனை காலம் ஓட்டினார்கள்.

"வேணாம் சார். இதுக்கு உங்களைக் கூப்பிட்டா, நாளைக்கு எல்லாத்துக்கும் கூப்பிடணும்."

கையைத் தூக்கினாள். மற்றவர்களும் தரையைப் பார்த்தபடி ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

பெஹுய் தன் வீட்டு வாசலில் மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தான். லாவா நின்றபடியே முடிவைச் சொன்னாள்.

"யாரு போட்ட உத்தரவு?"

"நாங்கதான். முதல்ல கை தூக்கினது நான்."

"பள்ளிக்கூடம் நம்ம கைக்கு வரணும்னு நானும்தானேக்கா உன்கூட அலைஞ்சேன்? ஆபீஸ்காரங்க நடத்தின காலத்துல கூட என்னை யாரும் தொரத்தலை."

"அவங்க உன்னை உள்ளயே விட்டதில்லடா."

குருத்தை உரித்த கத்தி நின்றது. "குடியை விட்டுட்டா?"

"விட்டுட்டு வந்து கேளு. அந்தக் கூட்டத்துலயும் நான்தான் இருப்பேன்."

"அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத."

காட்டுப் பாடத்தை வாதான் ஏற்றுக்கொண்டார். பாதி ஏற்றத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. பிள்ளைகள் பெஹுய் மாமாவைக் கேட்டு நச்சரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு அவன்கிட்ட சாராய வாடை இல்ல," என்று காதோடு சொன்னார் வாதான்.

"பார்ப்போம்," என்றாள் லாவா.

மாலையில் மறுபடி கூட்டம். பள்ளிச் சமையலுக்கு ஆள் எடுக்க வேண்டும். வேலை கேட்டிருந்த எல்லாருமே அவளுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம்.