ஃப்ரிட்ஜ் லைனில் பதினொரு நாள்

ஷெர்லினின் பிரிண்டரை நான் விலை பேசியது ஃபெர்ரியில், சாத்தத்திலிருந்து பம்பூஃப்ளாட் போகிற வழியில். அது அவள் சம்பாதித்து வாங்கிய மெஷின். கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பம்பூஃப்ளாட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பென்னி என் இன்ஜின் ரூம் வாசலில் நின்றுகொண்டு, கப்பில் படம் அச்சடிக்கிற மெஷின் ஒன்று தேடுவதாகச் சொன்னான். எனக்கு அன்று காலையிலேயே தலை சூடாகியிருந்தது.

"எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு. இருபத்திரண்டாயிரம் தந்துட்டு எடுத்துட்டுப் போ" என்றேன்.

படகு கரை சேர்வதற்குள் கை கொடுத்துவிட்டோம். மாதக் கடைசி ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

தலை சூடானது இங்க்கால். பத்துபஸ்தியில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஷெர்லினின் கடை. ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால் ஊர் திரும்புகிற டூரிஸ்ட்கள் எட்டிப் பார்ப்பார்கள். பிறந்தநாள், கல்யாணம் என்று உள்ளூர் ஆர்டரும் வரும். மாதம் நூறு கப் போகும். ஆனால் வருகிற லாபத்தை இங்க் குடித்துவிடும். நாலு கலர் பாட்டில் சேர்ந்த ஒரு செட், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் எங்கள் தீவுக்கு வந்து சேரும்போது மூவாயிரத்து இருநூறு ரூபாய். ஆறு மாதம் ஓடும் என்று விற்றவன் சொன்னான். எங்களுக்கு ஒரு மாதம் ஓடியது.

நான் ஃபெர்ரி இன்ஜினோடு பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்துகிறவன். ஒரு சொட்டு டீசல் வீணானால் எனக்குச் சோறு இறங்காது. டியூட்டி முடிந்து இறங்கும்போது எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் இறங்குவேன். வீட்டிலும் அப்படித்தான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது முன்னறை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் செருப்புப் போடுவேன். அடுப்படி லைனை மட்டும் தொடமாட்டேன். ஃப்ரிட்ஜில் மீன் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஷெர்லின் எழுந்ததும் மெயினை மேலே தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.

மெஷினை விற்றாயிற்று என்று அன்று சாயங்காலம் சொன்னேன். அவள் அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாசக் கடைசி வர எங்கிட்டதான இருக்கும்?"

"இருக்கும்."

"டீக் ஹே, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மெஷின் போனால் அவள் அபர்தீன் பஜார் துணிக்கடையில் மறுபடியும் கல்லாவில் நிற்க வேண்டும். முன்பு ஆறு வருடம் நின்றிருக்கிறாள். ராத்திரி கால் வீங்கி வரும். எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கை கொடுத்தேன்.

மறுநாள் மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்ச் நாலு வாங்கி வந்தாள். கப்பில் பேப்பரைச் சுற்றி ஒட்டுகிற டேப் இருக்கிறதே, அதைக் கிழித்து நாலு இங்க் டேங்கிலும் ஒட்டி, இங்க் நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள்.

"என்ன, பிரிண்டருக்குக் காய்ச்சலா?" என்று கேலி செய்தேன்.

"ஆமா. என்ன காய்ச்சல்னுதான் பாக்கேன்."

அடுத்த வாரம் டியூட்டி முடிந்து உள்ளே நுழைந்தபோது ஒரு வயர் காலைத் தட்டிவிட்டது. பிரிண்டரிலிருந்து புறப்பட்டு, கதவிடுக்கு வழியாக அடுப்படிக்குப் போயிருந்தது. கத்தினேன்.

"முன்னறை பிளக்கு லூசா இருக்கு" என்றாள். நான் பிளக்கைப் பார்க்கவில்லை. விற்ற மெஷின்தானே, எந்த லைனில் கிடந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

மாதக் கடைசி ஞாயிறு, நாங்கள் கோயிலில் பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில், பதினொரு மணிக்குப் பென்னி ஆட்டோவோடு வந்துவிட்டான். உட்காரவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, இது இங்க்கு நெறைய குடிக்கும்னு அண்ணன் சொன்னாவ. ஒரு கப்புக்கு எவ்வளவு ஆவும்?"

ஷெர்லின் அவனுக்கு ஒரு கப் அடித்துக் காட்டினாள். பேப்பரில் வெளுத்துக் கிடந்த கடல் படம், சூடு ஏறி கப்பில் இறங்கியதும் பளிச்சென்று நீலமாக வந்தது. அந்த நிமிடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை.

"அம்பது கப்பு அடிச்சு, குறைஞ்சத சிரிஞ்சால கோடு வர ஊத்திப் பாத்தேன். நாலு கலருமாச் சேத்து பதினாறு மில்லி. ஒரு கப்புக்கு நாலு ரூவா கூட வராது" என்றாள்.

"பொறவு எதுக்குக்கா மாசம் ஒரு செட்டு?"

"சாயங்காலம் கோடு போட்டுட்டு, மெஷின ஆன்லயே விட்டுட்டுப் படுப்பேன். மறுநா காலைல மெயின மேல தள்ளி ஒரு கப்பு அடிக்குததுக்கு முன்னாலயே எட்டு மில்லி கொறைஞ்சிருக்கும். அந்த எட்டு மில்லி எங்க போவுதுன்னுதான் தேடினேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இத இதுல உள்ள பட்டன அமுக்கித்தான் அணைக்கணும், பந்த் பண்ணணும் பென்னி. அப்பத்தான் இங்க்கு தெளிக்குத ஹெட்டு போயி மூடிக்குள்ள ஒதுங்கும். மெயினோட பந்த் பண்ணா, மூடாம அப்படியே நின்னு காஞ்சு போவும். மறுபடி கரெண்டு வந்ததும் அடைப்பு எடுக்கதுக்கு இங்க்க உறிஞ்சித் தன்னையே கழுவும். கழுவுன இங்க்கெல்லாம் அடியில உள்ள பஞ்சுக்குப் போயிரும். ரெண்டு காலைல வீணாப் போறத வச்சு அம்பது கப்பு அடிக்கலாம். இப்ப பதினொரு நாளா ஃப்ரிட்ஜ் லைன்ல ஓடுது. காலைல கோடு எறங்குததே இல்ல."

"மெயின யாருக்கா பந்த் பண்ணுனா?"

"நான்தான். தெரியாமச் செஞ்சிட்டேன்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

எட்டு மில்லியைத் திருடியவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பழியை அவள் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பத்தொன்பது வருடம் இன்ஜினோடு கிடந்த எனக்கு, எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று தேடத் தோன்றவில்லை. இன்ஜினையே விற்கத்தான் தோன்றியது. மெக்கானிக் படிப்பு எதுவும் படிக்காதவள், நாலு சிரிஞ்சையும் ஒரு டேப்பையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஃபெர்ரியில் இப்படி ஒரு மூளை வேலைக்கு இருந்தால் நான் அதன் பின்னால் எண்ணெய் துடைக்கிற துணியைப் பிடித்துக்கொண்டு எடுபிடியாக நிற்பேன்.

பென்னி கெட்டிக்காரன். கணக்கு அவனுக்கு உடனே பிடிபட்டது.

"அண்ணே, அஞ்சாயிரம் கூடத் தாரேன். இருபத்தேழு. இப்பவே போன்ல அனுப்பட்டா?"

ஷெர்லின் முகம் செத்துவிட்டது. அவள் பென்னிக்குச் சொல்வதுபோல எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் விலையை ஏற்றுவான் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"பென்னி, மெஷின் விக்கதுக்கு இல்ல" என்றேன்.

"என்னண்ணே, கை குடுத்தியளே! ஆட்டோக்காரனுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"தப்புதான். ஆட்டோக்கு நான் தாரேன். மெயின தினம் பந்த் பண்ணுனது அவ இல்ல, நான். மெஷினு அவளோடது, விக்கதுக்கு நான் ஆளே இல்ல. நாளைக்கு ஃபெர்ரியில எல்லாரு முன்னாலயும் நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

இரண்டு மூன்று வார்த்தை சொன்னான். வாங்கிக்கொண்டேன். அச்சடித்த கப்பைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

ஷெர்லின் மேசையில் கிடந்த டேப் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்னு ஒனக்குப் பதினொரு நாளாத் தெரியும், என்ன?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"சொல்லியிருந்தா, என்னையா குத்தம் சொல்லுதன்னு அன்னைக்கே பென்னி வீட்டுல கொண்டு வச்சிருப்பிய."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னதுதான் சரி. கொண்டு வைத்திருப்பேன்.