நஞ்சம்மாவின் நிலத்தில் எரிந்த வாயு

1986 ஆடியில் பேரிகையை அடுத்த நஞ்சம்மாவின் ஒன்றரை ஏக்கரில் போர்வெல் போட்டபோது, நானூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீருக்குப் பதில் வாயு வந்தது. பற்றவைத்தால் நீலமாக எரிந்தது. மூடினால் வேறு இடத்தில் கிளம்பியது. இருபது வருடம் கூலிக்குக் களையெடுத்து வாங்கிய நிலம். நஞ்சம்மா அழுது முடித்துவிட்டு, குழாயைச் சுற்றி மூன்று கல் வைத்துக் களி கிண்டினாள்.

வினை என்னவென்றால், நான்கு கிலோமீட்டர் தள்ளி அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உலையிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள் வாயுக் குழி இருக்கக் கூடாது என்பது விதி. பாதுகாப்பு அதிகாரி பாஸ்கரன் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர்தான், பயப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"இது வெடிச்சா உலை என்னம்மா ஆவும்?"

"எங்கொல்லை இங்கயேதான் இருந்திச்சி சார். உலையை யாரு பக்கத்துல கட்டச் சொன்னாங்க?"

குழியை சிமெண்ட் போட்டு அடைத்தார்கள். வாயு பெருமாளின் தக்காளித் தோட்டத்தில் கிளம்பியது. அங்கே அடைத்ததும் உலை வாசலில், காவலாளி ஆஞ்சப்பனின் நாற்காலிக்கு அடியில் வந்தது. அவன் டீ போட்டுக்கொண்டான். அதையும் அடைத்ததும் பாஸ்கரனின் மேஜைக்கு அடியில் வந்து கோப்புகளைக் கருக்கியது. அவரே ஓடிவந்து கடப்பாரையால் முதல் குழியைத் திறந்துவிட்டார். வாயு சமர்த்தாக நஞ்சம்மாவிடம் திரும்பியது. ஆனால் விதி விதிதானே. நிலத்தைக் கையகப்படுத்த நோட்டீஸ் வந்தது. 

முடிவு தெரியாத காரியத்துக்கு மாரியம்மன் முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளைப் பூ வந்தால் நஞ்சம்மா போவது, சிவப்பு வந்தால் உலை போவது என்று, அவசரத்தில் யோசிக்காமல் வேண்டிக்கொண்டார்கள். ஊருக்குப் பொதுவான ஆள் என்று பாஸ்கரனையே பொட்டலம் எடுக்கச் சொன்னார்கள். செவ்வரளி வந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் அதை அவர் கோப்பில் எழுதிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உலை கிளம்பியது. சாரம், கேன்டீன் சகிதம் மாட்டுவண்டி வேகத்தில் போனது. எல்லைச் சோதனைச் சாவடியில் பர்மிட் கேட்டார்கள்; அது நிற்கவில்லை. கர்நாடகத்துக்குள், குழியிலிருந்து சரியாக எட்டுக் கிலோமீட்டரில் நின்றது. பாஸ்கரன் டேப் பிடித்து இரண்டு முறை அளந்துவிட்டு நோட்டீஸைக் கிழித்தார். உலை யாருடையது என்று இரண்டு சர்க்காரும் ஆறு வருடம் கடிதம் எழுதிக்கொண்டன. ஆஞ்சப்பன் கன்னடத்தில் கையெழுத்துப் போடக் கற்றான்.

"இப்ப அது எவ நெலத்துல நிக்குது சார்?" என்று நோட்டீஸ் கிழிந்த அன்றே நஞ்சம்மா கேட்டாள்.

"அது கர்நாடகாம்மா" என்றார் பாஸ்கரன், அதுவே பதில் போல.

நஞ்சம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் தூக்குப் போசியில் களி எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போனாள். உலை ரங்கம்மா என்பவளின் கேழ்வரகுக் கொல்லையில் நின்றது. நஞ்சம்மா இருவருக்கும் தெரிந்த தெலுங்கில் மன்னிப்புக் கேட்டாள். ரங்கம்மா கோபப்படவில்லை. மத்தியானம் நிழல் நன்றாக விழுகிறது, மாடு கட்டத் தோது என்று சொல்லி, களிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் எடுத்து வந்தாள்.