இதுவரை எவரும் அளக்கவில்லை

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கட்டுரையை அனுப்புவார்கள். நொண்டுகிற வாக்கியங்களை நடக்க வைத்துத் திருப்பி அனுப்புவேன். சிமெண்ட், நத்தை, முழங்கால் வலி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடக்கிறவர்கள் என்று எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டுப் போயிருக்கின்றன. பொருள் எதுவானாலும் முன்னுரை மட்டும் ஒன்றேதான். முதல் பத்தியில், உலகமே இந்த விஷயத்தை நம்பித்தான் இருக்கிறது என்பார்கள். இரண்டாவதில், இதைப் பற்றி ஏற்கெனவே எழுதிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வரிசையாக ஒரு கும்பிடு. மூன்றாவது பத்தி 'ஹவெவர்', அதாவது 'ஆனாலும்', என்று தொடங்கும். அத்தோடு கும்பிடு வாங்கியவர்கள் அத்தனை பேருடைய காலும் வாரப்படும். இத்தனை பேர் இத்தனை செய்தும் இந்த ஒன்றை மட்டும் இதுவரை எவரும் செய்யவில்லை, ஆகவே நாங்கள் செய்கிறோம். இதையே படித்துப் படித்து, பக்கத்து வீட்டுக்காரி என் சேலை நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட, ஹவெவர் எப்போது வரும் என்று காத்திருக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

என் தம்பிக்கு வௌவால் ஆராய்ச்சி. அம்மா போனதிலிருந்து அவன் என்னோடுதான் இருக்கிறான். பல்கலைக்கழகத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை. ஒரு நல்ல கட்டுரை வந்தால் நிரந்தரம், வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று சொல்லாமல் சொல்லியிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே குன்றைக் குடைந்து போட்ட பழைய ரயில் சுரங்கப் பாதை ஒன்று இருக்கிறது. தண்டவாளத்தை வேறு பக்கம் திருப்பிய பிறகு அதில் வௌவால்கள் குடியேறிவிட்டன. மறுமுனை மண் சரிந்து அடைத்துக்கொண்டது. நடுவில் ஒரு வளைவு. வளைவு வரை வாசல் வெளிச்சம் கொஞ்சம் வரும், அதைத் தாண்டினால் இருட்டு. தம்பி வளைவு வரை போய், வௌவால்கள் எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில் தொங்க விரும்புகின்றன என்று அளந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தான்.

அவனுடைய துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம். "எல்லாம் சரிப்பா. உன் ஹவெவர் எங்கே?" யார் எதைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது அதைத்தான். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு ஹவெவர் சார் என்றே பெயர்.

"வளைவு வரைக்கும் ஏற்கெனவே மூணு குழு அளந்துட்டாங்களாம். நீயும் அதையே அளந்தா யார் படிப்பாங்கன்னு கேக்கறார்" என்றான் தம்பி. சொல்லும்போது அவன் முகத்தில் கவலை இல்லை. புதிதாக எழுதிய ஒரு வரியை என் பக்கம் தள்ளினான். வளைவுக்கு அப்பால் இதுவரை எவரும் அளக்கவில்லை.

"ஏன் அளக்கலை?" என்றேன்.

"என்னக்கா கேள்வி இது. அளக்கலைன்னா அளக்கலை. நமக்குன்னு விட்டு வெச்சிருக்காங்க."

"மூணு குழு அத்தனை தூரம் போயிட்டு, எல்லாரும் ஒரே இடத்துல திரும்பி வந்திருக்காங்க. உனக்கு விட்டு வைக்கணும்னு அவங்களுக்கு என்ன வேண்டுதலா?"

அவன் சிரித்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு இடத்துக்குள் யாரும் போகவில்லை என்றால், சாதாரண மனுஷன் ஏதோ இருக்கிறது என்று ஒதுங்கிப் போவான். இவர்கள் மட்டும்தான் இடம் காலி என்று துண்டைப் போடுகிறவர்கள்.

அந்த மூன்று கட்டுரைகளையும் வாங்கிப் படித்தேன். மூன்றும் வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆட்கள். மூன்றிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே தொனியில் ஒரு வரி இருந்தது. நடைமுறைக் காரணங்களால் வளைவோடு நிறுத்திக்கொண்டோம், அப்பால் உள்ளதை அடுத்த கட்டுரையில் சொல்வோம். அடுத்த கட்டுரை என்று ஒன்றை மூன்று குழுவுமே எழுதவில்லை. மூன்று குழுத் தலைவர்களையும் அவர்களுடைய பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்களில் தேடினேன். மூன்று பேருமே இப்போது அங்கே இல்லை.

ஒருவருடைய எண்ணைப் பிடிக்க நாலைந்து இடத்தில் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் இப்போது மைத்துனரின் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறாராம். சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் நல்ல மூச்சாக இல்லை.

"வளைவைத் தாண்டிப் போனோம்மா. போகலைன்னு யார் சொன்னா?" என்றார். "அங்க காத்தே அசையாது. கீழ வௌவால் எச்சம், காஞ்சு மாவு மாதிரி கெடக்கும். காலை வெச்சா எழும்பும். மாஸ்க் இருந்தது, நடுவுல எறக்கிட்டேன். அதுல ஒரு பூஞ்சை இருக்கு. வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் கழிச்சுதான் இருமல் ஆரம்பிச்சது. நுரையீரல்ல பாதி போச்சு."

"நீங்க இதை எங்கேயும் எழுதலையே."

"எதுல எழுதறது? அளவு முழுசா எடுக்காம, மூச்சு முட்டிப் பாதியில வந்துட்டேன். பாதியில நின்ன வேலையை எந்தப் பத்திரிகைம்மா போடும்?"

இரண்டாவது எண்ணில் ஒரு ஆண் குரல் எடுத்தது. அந்த ஆராய்ச்சியாளரின் கணவர். தன் மனைவி மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள், வீட்டையே கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார். மூன்றாமவரின் அம்மா பேசினார். அவர் பேசியது கொஞ்சம்தான். மகனைப் பற்றி இறந்த காலத்தில் பேசினார், நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அன்று தம்பி வந்ததும் எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். மூன்றாமவரின் அம்மா பேசியதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "பாவம்கா" என்றான். "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றும் சொன்னான். எனக்கு உயிர் வந்தது. அவனுக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்கை நன்றாக மொறுமொறுவென்று வறுத்துப் போட்டேன். இனி இந்த வேலையே வேண்டாம், வேறு ஏதாவது கிடைக்கும் என்று ஏதேதோ பேசினேன். அவன் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான். மனசு வேறெங்கோ இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

மறுநாள் காலை என் மேசைமேல் புது முன்னுரை இருந்தது.

முதல் பத்தி இப்படிப் போனது: வௌவால் வாழும் சுரங்கங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்தான நுரையீரல் நோய் வருகிறது. ஒரே சுரங்கத்தில் மட்டும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், ஒருவர் உயிரிழந்தார். அடுத்த பத்தியில் பூஞ்சையைப் பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் கும்பிடு. அப்புறம் அது வந்தது. ஹவெவர், வளைவுக்கு அப்பால் உள்ள காற்றில் அந்தப் பூஞ்சை எவ்வளவு இருக்கிறது என்று இதுவரை எவரும் அளக்கவில்லை.

"அக்கா, இனிமே சூடு, ஈரம் எல்லாம் வேண்டாம்" என்றான் தம்பி. குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றிருந்தான், முகமெல்லாம் பளிச்சென்று இருந்தது. "இவ்வளவு நாளா என்கிட்ட என்ன இல்லையோ, அதை நீ எடுத்துக் குடுத்திருக்க. ராத்திரியே சாருக்கு அனுப்பிட்டேன், ஒரு வார்த்தை மாத்தச் சொல்லலை."

"நான் உன்னைப் போகாதேன்னு சொன்னேன்டா."

"அதான்கா. போகக் கூடாத இடம்னு நிரூபிக்கணும்னா ஒருத்தர் போய்த்தானே ஆகணும்?"

எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. சின்ன வயதில் அறைந்திருக்கிறேன், கேட்டிருக்கிறான். இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். பயமுறுத்த நான் எதைச் சொன்னாலும், அதை ஆங்கிலத்தில் மாற்றி முதல் பத்தியில் வைத்துவிடுவான் என்று புரிந்தது.

பஸ் பிடித்து ஹவெவர் சாரைப் பார்க்கப் போனேன். அவருடைய அறை சுத்தமாக இருந்தது. ஜன்னலோரம் செடித்தொட்டிகள், ஒவ்வொன்றிலும் எந்தத் தேதியில் தண்ணீர் ஊற்றியது என்று ஒட்டுத்தாள். எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். கெட்ட மனுஷராக இருந்தால் கத்திவிட்டாவது வந்திருக்கலாம்.

"மூணு பேர் சார். ஒருத்தர் உயிரோடயே இல்லை" என்றேன்.

"தெரியும்மா. ரொம்ப வருத்தமான விஷயம். அதனாலதான் இந்த ஆய்வு அவசியப்படுது."

"யாருமே போகாம சுரங்கத்தை மூடிட்டா என்ன?"

"எந்த ஆதாரத்தை வெச்சு மூடச் சொல்றது? அளவு இல்லையே. நீங்க சொல்றது எல்லாமே இந்த ஆய்வுக்கு வலு சேர்க்குது, பாருங்க."

"என் தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். ஒரு செடியின் காய்ந்த இலையைக் கிள்ளி எடுத்தார். "நல்ல மாஸ்க் வாங்கிக் குடுத்திருக்கோம்மா" என்றார். அப்புறம், என் ஆங்கிலம் மிக நன்றாக இருப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான் என்றும், துறையின் மற்ற கட்டுரைகளையும் எனக்கு அனுப்பலாமா என்றும் கேட்டார். நான் எழுந்து வந்தேன்.

தம்பி போனான். வாசலில் நின்று, கடைசியாக ஒரு தடவை, "போகாதடா" என்றேன். "சாயங்காலம் வந்துருவேன்கா" என்று கடைக்குப் போகிறவன் மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்று எனக்குத் திருத்த வந்திருந்தது ஓட்டு வீடுகளின் மழைநீர் பற்றிய ஒரு கட்டுரை. ஒரு வரிகூட ஓடவில்லை.

சொன்ன மாதிரியே சாயங்காலம் வந்தான். தலைகால் புரியாத சந்தோஷம். வளைவைத் தாண்டிப் போய்க் காற்றை உறிஞ்சும் கருவியை வைத்து அளவு எடுத்துவிட்டான். மண் சரிவு வரைக்கும் போகவில்லை, அதற்குள் மின்கலம் தீர்ந்துவிட்டதாம். நான் அவனுடைய முகத்தைத்தான் பார்த்தேன். மூக்கின்மேலும் கன்னத்திலும் மாஸ்க் அழுத்திய தடம் இருக்க வேண்டும். இல்லை.

"மாஸ்க் எங்கடா?"

"போட்டிருந்தேன்கா. மூச்சு விட விட கண்ணாடியில ஆவி படியுது, கருவியில இருக்கற எண்ணே தெரியலை. படிக்கறப்ப மட்டும் கொஞ்சம் எறக்கிக்கிட்டேன். எண்ணைப் படிக்காம வர முடியுமா, சொல்லு."

அத்தனை படித்தவன், மூன்று பேர் கதையைத் தன் கையால் எழுதியவன், எண்ணைப் படிப்பதற்காக மாஸ்க்கை இறக்கியிருக்கிறான். அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவரும் இதற்குத்தான் இறக்கியிருப்பார் என்று தோன்றியது.

கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. நான்தான் அவன் தும்மினாலும் ஓடிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு காலை, பல் தேய்க்கும்போது இருமினான். மறுநாளும் இருமினான். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மார்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், தம்பியிடம் பேசாமல் என்னை வெளியே கூப்பிட்டார்.

மருந்து ஆரம்பித்தார்கள். முதல் மருந்து கேட்கவில்லை, இரண்டாவது கொஞ்சம் கேட்டது. மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடத்தில் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரத்தை வைத்தோம். அது ஓடுகிற சத்தம் பழகிவிட்டது. நின்றால்தான் இப்போது பயம்.

கட்டுரையை முடித்துத் தரச் சொல்லி அவன் என் தலையைத் தின்றான். மறுத்தால் எழுந்து உட்கார முயன்றான், இருமல் வந்தது. அதனால் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"முதல் பத்தியில மூணு பேர்னு இருக்குல்ல" என்றான். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். "நாலுன்னு மாத்திடுக்கா. இன்னும் வலுவா இருக்கும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்னுரை நன்றாக வர வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னான். மாற்றினேன். வாக்கியம் நன்றாகவே இருந்தது. அதைப் போல நான் வெறுத்த வாக்கியம் வேறு கிடையாது.

"கடைசியில ஒரு வரி. மண் சரிவுகிட்ட இருக்கற காத்தை இதுவரை யாரும் அளக்கலைன்னு."

விரல் விசைமேல் இருந்தது. அழுத்தவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு எந்த வீட்டில் எவன் துண்டைப் போடக் கிளம்புவானோ. அவனுக்கும் ஒரு அக்காவோ அம்மாவோ இருப்பார்கள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்டா. நீ கண்ணை மூடு."

அந்த வரி இல்லாமலே ஹவெவர் சாருக்கு அனுப்பினேன். நான் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் நன்றி சொல்லி எழுதினார், தம்பியின் உடம்பை விசாரித்தார். அவனுடைய வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரை செய்திருப்பதாகவும் சொன்னார்.

கட்டுரை வெளியான அன்று தம்பி அதைத் தானே படிக்க வேண்டும் என்றான். தலையணையை உயர்த்தி வைத்து, பக்கங்களைக் கையில் கொடுத்தேன். மெதுவாகப் படித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். அவன் விரல் ஒரு இடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தேன். மண் சரிவை ஒட்டிய காற்றை இதுவரை எவரும் அளக்கவில்லை, வருங்கால ஆய்வாளர்கள் அதைச் செய்ய வேண்டும். நல்ல ஆங்கிலம், ஒரு பிழை இல்லை. நான் விட்டதை யாரோ மறக்காமல் சேர்த்திருந்தார்கள்.

"அழகா எழுதியிருக்கக்கா" என்றான் தம்பி, குழாய்க்கு மேலாகச் சிரித்துக்கொண்டு. "படிக்கறவன் நாளைக்கே கெளம்பிடுவான்."

அது என்னுடையது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.