மைக் இல்லாத தொடக்க விழா

எங்கள் ஊரில் யாராவது தொடங்கி வைக்காமல் எதுவும் தொடங்காது. தெருக்குழாய்க்கும் தொடக்க விழா உண்டு, பஸ் நிழற்குடைக்கும் உண்டு. குத்துவிளக்கு ஏற்றி, ஐந்து பேர் வாழ்த்திப் பேசி, ஒருவர் நன்றி சொன்ன பிறகுதான் அந்தக் குழாயில் தண்ணீர் வரும். மழை மட்டும்தான் யாரையும் கேட்காமல் தானாகத் தொடங்குகிறது. அதற்கும் நோட்டீஸ் அடிக்க எங்கள் ஆட்கள் ஆசைப்பட்டிருப்பார்கள், தேதி கிடைத்திருக்காது.

நான் ரம்லத். துறைமுகத்தில் பழைய சுங்கக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளை நடத்துவது என் வேலை. ஓணம், கிறிஸ்துமஸ், கோடை என்று பள்ளிக்கூடம் பூட்டும்போதெல்லாம் எனக்கு வேலை தலைக்கு மேல் வந்துவிடும். எந்தப் பள்ளியிலும் நான் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊருக்கு நான் டீச்சர்தான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போக நேரமாகும். இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன ஓணம் விடுமுறையில் வந்த கோபம் கோடை வரைக்கும் போகவில்லை. மார்க்கெட் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் ஷிம்னா, மகள் நிவேத்யாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஓணக் கொண்டாட்டத்துக்கு வந்திருந்தாள். நிவிக்கு ஒன்பது வயது. பேச்சு குறைவு, சத்தம் ஆகவே ஆகாது. ஆனால் எங்கள் நடுக்கூடத்தில் தொங்கும் பெரிய தராசு என்றால் அவளுக்கு உயிர். மிளகு மூட்டைகளை எடை போட்ட தராசு அது, ஒவ்வொரு தட்டும் ஒரு கட்டில் அளவு இருக்கும். சாதாரண நாட்களில் வந்தால் அதன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள். அன்று செண்டை மேளம் முழங்கியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். பிறகு மைக் கீச்சிட்டது. பிள்ளை தரையில் விழுந்து அலறினாள். நல்ல பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள், "அடக்கத் தெரியலன்னா பிள்ளையை வீட்டிலயே வச்சிருக்க வேண்டியதுதானே" என்றாள். ஷிம்னா மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அதன் பிறகு இரண்டு பேரும் வரவே இல்லை.

ஏப்ரலில் கோடை நிகழ்ச்சியைத் திட்டமிட உட்கார்ந்தபோது முதல் வேலையாக அவள் கடைக்குப் போனேன்.

"டீச்சரே, தினமும் தராசு, தராசுன்னு கேக்குறா" என்றாள் ஷிம்னா, மிஷினிலிருந்து காலை எடுக்காமல். "ஆனா எனக்குத் தைரியம் இல்ல. இன்னொரு தடவை அப்படி ஒரு பேச்சு என் காதுல விழுந்துச்சுன்னா, அப்புறம் நான் இவளை வீட்டை விட்டு எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டேன். ஸ்கூல், வீடு. அதோட சரி."

"மைக் இருக்காது. செண்டையும் இருக்காது. நான் வாக்கு தர்றேன்."

"தொடக்க விழா?"

"அது இல்லாம விடுவாங்களா?"

"கணாரன் மாஷ் பேசுவாரா?"

"பேசாம இருப்பாரா?"

"அப்போ மைக் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன!" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, உள்ளுக்குள் பயமும் வந்தது.

கணாரன் மாஷ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முன்னாள் நகராட்சித் தலைவர், நூலகத் தலைவர். வெள்ளம் வந்தபோது கழுத்தளவு தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்தவர். மனிதர் தங்கம், குரல் மட்டும் வெண்கலம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது மாஷுக்குத்தான் பொருந்தும். அவர் தெருமுனையில் இருக்கும்போதே நாங்கள் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிடுவோம்.

விழாக் குழு அமைக்கும் கூட்டம் நடந்தது. விழாவுக்கு முன்னால் விழாக் குழு, விழாக் குழுவுக்கு முன்னால் அதை அமைக்க ஒரு கூட்டம். புரவலர்கள், தலைவர், துணைத்தலைவர்கள், அழைப்பாளர், இணை அழைப்பாளர்கள் என்று பிரித்துக் கொடுத்ததில் வந்தவர்களைவிடப் பதவிகள் அதிகமாகிவிட்டன. சிலருக்கு இரண்டு கிடைத்தது. நான் எழுந்து, இந்த முறை தொடக்க விழாவே வேண்டாம், கதவைத் திறப்போம், குடும்பங்கள் உள்ளே வரட்டும் என்றேன்.

எங்கள் அருங்காட்சியகக் காப்பாளர் சுதாகரன் சார் மேஜையைப் பார்த்தார்.

"யாரும் தொடங்கி வைக்கலன்னா அது எப்படி டீச்சர் தொடங்கும்?" என்றார் கவுன்சிலர் பிரமீளா. கிண்டல் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"சரி, விழா இருக்கட்டும். மைக் வேண்டாம், செண்டை வேண்டாம்."

"மைக் இல்லாமப் பேசினா அது வாழ்த்துரையா, இல்ல திண்ணைப் பேச்சா?" என்றார் ஒரு துணைத்தலைவர்.

அப்போது நிவியைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பிரமீளா சேச்சி கனிவாகவே சொன்னார்: "பாவம் அந்தக் குழந்தை. ஒண்ணு பண்ணலாம். அவங்களை மட்டும் விழா முடிஞ்சதும், ஒரு மணி நேரம் கழிச்சு வரச் சொல்லுவோம். போதாதா?"

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. "சேச்சி, நோட்டீஸ்ல 'அனைத்துக் குடும்பங்களும் வருக'ன்னு போடுறோம். அதுக்குக் கீழே சின்ன எழுத்துல 'ஷிம்னா குடும்பம் மட்டும் பிறகு வருக'ன்னு போடட்டுமா?"

சுதாகரன் சார் இருமினார். பிரமீளா சேச்சியின் முகம் சிவந்தது. மாஷ்தான் எழுந்தார்.

"ரம்லத் சொல்றது சரி" என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "ஒரு குழந்தை வெளியில நிக்கறப்போ நாம உள்ள விளக்கேத்தினா, அது எந்தக் கணக்குல வெளிச்சம்? மைக் வேண்டாம். அப்புறம், என் தொண்டைக்கு எதுக்குய்யா மைக்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். "மாஷே, பத்தே நிமிஷம். கொஞ்சம் மெதுவா."

"பத்து எதுக்கு மோளே? அஞ்சு போதும்."

மாஷின் ஐந்து நிமிடத்துக்குள் நான் பள்ளிவாசல் தெருவுக்குப் போய், உம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்து, அவரோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பலாம்.

ஆனாலும் வேலையில் இறங்கினேன். மேடை கிடையாது. கூடம் முழுக்கப் பாய், விருந்தினர்களும் பாயில்தான். மாஷுக்கு முட்டி வலி என்பதால் ஒரு குட்டை முக்காலி. சத்தம் பிடிக்காத பிள்ளைகளுக்கும் தூக்கம் வந்த பிள்ளைகளுக்கும் பின்னறையில் தலையணைகள் போட்டேன். வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியும் நன்னாரி சர்பத்தும் இந்த முறை கடைசியில் இல்லை, நுழைந்ததும் கையில். பசித்த பிள்ளையிடம் சரித்திரம் பேசக் கூடாது. பிறகு தராசு. ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் தேங்காய். அப்பா அம்மாவும் ஏறியே ஆக வேண்டும், ஓரமாக நின்று போனில் படம் பிடிக்க அனுமதி இல்லை. இதைக் கேள்விப்பட்டு ஒரு அப்பா போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், இதுக்கு சர்ட்டிபிகேட் உண்டா?"

"உண்டு. உங்க மகன் எத்தனை தேங்காய்னு எழுதி, சார் கையெழுத்தோட தருவோம்."

"என் எடையும் போடுவீங்களா?"

"தேங்காய் பத்துமான்னு பாக்கறேன்" என்றேன்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, கூடம் நிறைந்துவிட்டது. கைக்குழந்தைகள், தாத்தாக்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த அப்பாக்கள், எல்லோரும் வாயில் பழம்பொரியோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஷிம்னா வந்தாள். நிவியின் தலையில் அவளே தைத்த தொப்பி, காதுப்பக்கம் பஞ்சு வைத்துத் தடிமனாக்கியது. கதவோரம் உட்கார்ந்தார்கள். ஷிம்னா பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. நிவி தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விளக்கு ஏற்றினார்கள். பிரமீளா சேச்சி இரண்டே வரியில், அதுவும் மெல்லிய குரலில் வாழ்த்திவிட்டு உட்கார்ந்து, எப்படி என்று என்னைப் பார்த்தார். அப்போதே போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

மாஷும் நன்றாகத்தான் தொடங்கினார். "அன்பான குழந்தைகளே" என்று பூ மாதிரி சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் கடலைப் பற்றிப் பேசும் எவரும் வாஸ்கோ ட காமாவைத் தொடாமல் விடுவதில்லை. காமா கப்பலிலிருந்து இறங்கியதும் மாஷின் குரல் ஏறியது. போர்ச்சுகீசியர்கள் மிளகு கேட்டார்கள். குரல் இன்னும் ஏறியது. காமா சாமூதிரி ராஜாவின் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது உத்தரத்திலிருந்த புறாக்கள் பறந்து போயின.

நிவி தொப்பியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். ஷிம்னா எழுந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை போனால் அவள் திரும்பி வரமாட்டாள். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மாஷை நிறுத்த எழுந்தேன், ஆனால் எங்களுக்கு நடுவில் பாய் முழுக்கப் பிள்ளைகள். எந்தக் காலை மிதிப்பது, எந்தக் கையைத் தாண்டுவது?

அதற்குள் நிவி எழுந்தாள். கதவுப் பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, யாரையும் மிதிக்காமல், பிள்ளைகளுக்கு நடுவே நேராக நடந்துபோய் முக்காலிக்கு முன்னால் நின்றாள். தன் உள்ளங்கையை மாஷின் வாயில் வைத்து மூடினாள்.

சாமூதிரி பாதியில் நின்றார்.

சுதாகரன் சார் கூரையைப் பார்த்தார். ஷிம்னா "மோளே" என்று வாயசைத்தாள். இப்போது யாராவது ஓணத்தன்று கேட்ட அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சொன்னால் அவர்களைத் தட்டில் ஏற்றித் தொங்கவிடுவது என்று முடிவும் செய்துவிட்டேன்.

மாஷின் கண்கள் அந்தச் சின்னக் கைக்கு மேலே அகலமாக விரிந்திருந்தன. எத்தனையோ கூட்டங்களில் தலைவர்கள் துண்டுச் சீட்டு மேல் துண்டுச் சீட்டு அனுப்பியும் நிற்காத வாய் அது. மெல்லத் தலையை ஆட்டினார். நிவி கையை எடுத்தாள். ஆனால் தூரமாக எடுக்கவில்லை, திரும்பவும் மூடத் தோதாக அங்கேயே வைத்திருந்தாள்.

"சத்தமா இருந்துச்சா, மோளே?" என்று மாஷ் கேட்டார். அவருக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

நிவி கையை இறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. இப்படிச் சொல்லட்டுமா?"

கை ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. மாஷ் பேசினார். ரகசியம் சொல்வதுபோலப் பேசினார். பிள்ளைகள் முட்டி போட்டு முன்னால் நகர்ந்தார்கள், பின்னாலிருந்த அப்பாக்கள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்கள். வெளியே அலை அடிப்பதுகூடக் கேட்டது.

"காமா கிடக்கட்டும், அவர் வந்த வழியே போகட்டும்" என்றார் மாஷ். "இந்தத் தராசுல மிளகை ஏத்தினாங்க, ஏலத்தை ஏத்தினாங்க, கொப்பரையை ஏத்தினாங்க. எல்லாத்தையும் யார் யாரோ கப்பல்ல கொண்டு போயிட்டாங்க. உங்களை ஏத்தி யாரும் பாக்கல. இன்னைக்கு உங்க முறை. அவ்வளவுதான். தொடங்கியாச்சு."

அவர் வாழ்நாளிலேயே சின்னப் பேச்சு அதுதான். எங்கள் ஊருக்குக் கை தட்டாமல் இருக்கத் தெரியாது. கூடம் முழுக்கக் கைகள் மேலே எழுந்தன. நான் பதறி இரண்டு கையையும் தூக்கி வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினேன். கைகள் எல்லாம் அந்தரத்தில் அப்படியே நின்றன. கைதட்டலிலேயே வயிறு நிறைகிற மனிதர் மாஷ். தலை குனிந்து தன் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நிவி தட்டினாள். காதிலிருந்த கையை எடுத்து, இரண்டு கையையும் சேர்த்து, மெதுவாக, மாஷின் முகத்துக்கு நேராகத் தட்டினாள். நிறுத்தினாள். யோசித்தாள். திரும்பவும் தட்டினாள். எங்களில் ஒருவரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவள் போதும் என்று நினைக்கும் வரை அத்தனை பேரும் கையைத் தூக்கியபடியே காத்திருந்தோம். மாஷ் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷிம்னா கதவோரம் நின்று அழுதாள். அவள் எப்போதும் அழ வெளியேதான் போவாள். அன்று போகவில்லை. பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள், யாரென்று எனக்குத் தெரியாது. அவள் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் செய்து, "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, காலை நீட்டி உக்காருங்க" என்றாள்.