படியிறங்கிய பாய்

மெயில் பெட்டி காலியாக இருந்தது. அசையாத ஓர் ஏரிப் படம்; அதன் கீழே 'எல்லாம் முடிந்தது, நிம்மதியாக இருங்கள்' என்று ஒரு வரி. கொஞ்ச நாளாக அந்த ஏரியைப் பார்த்துத்தான் காலைக் காபி குடிக்கிறேன்.

தி. நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் எனக்குச் சேலை மொத்த வியாபாரம். முன்பு என் மெயில் பெட்டியும் அந்தத் தெரு மாதிரிதான். யார் யாரை இடிக்கிறார்கள் என்றே தெரியாது. நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போய் நின்ற பிறகு, பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மைத்துனன் ஹரி புது மெயில் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

"முக்கியமானது மட்டும் முன்னாடி நிக்கும் அத்தான். முடிஞ்ச பேச்சுக்கு அதுவே பதில் போட்டு உள்ள வச்சிரும்."

இன்று ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்க்கடை வாசலில் வண்டியில் மூட்டை ஏற்றுகிறார்கள். மூட்டை மேல் கறுப்பு மையில் 'பினாங்கு'.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பினாங்குக்கு இந்தச் சந்தில் சேலை எடுப்பவர் ஒரே ஆள், உமர் ஃபாரூக் பாய். அப்பா காலத்து வாடிக்கை. அவரை நம்பித்தான் குடோனைக் கூரை வரை அடைத்திருக்கிறேன். அவர் எடுக்காவிட்டால் தீபாவளிக்குப் பிறகு ஷட்டரைத் தூக்க வேலையே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஹரி கடையில்தான் இருந்தான்.

"பாய் மெயில் எங்கடா?"

"'முடிஞ்சது'ங்கற பெட்டியில இருக்கு. அவர்தான் வேண்டாம்னுட்டாரே."

'இந்த விலைக்கு வேண்டாம் தம்பி. வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.' அதற்கு என் பெயரில் ஆப் போட்ட பதில்: 'புரிகிறது. நன்றி. நல்வாழ்த்துகள்.'

"அடப்பாவி! விலையைக் குறைக்கத்தான் கோவிச்ச மாதிரி படியிறங்குறார்டா. நாமதான் ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிடணும். உன் ஆப்பு மாலை போட்டு வழியனுப்பி வச்சிருக்கு!"

"தெளிவாத்தானே எழுதியிருக்கார்?"

"பேரம் எப்பவும் தெளிவாத்தான்டா இருக்கும்."

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிட்டார்.

"யாரு?" என்றார், என் நம்பர் தெரியாதவர் போல.

"கருணாகரன் பேசறேன் பாய். அந்தப் பதில் நான் போட்டதில்ல. மிஷின் போட்டது."

"உங்க அப்பாகிட்ட எத்தனை தடவை கோவிச்சுக்கிட்டுக் கிளம்பியிருப்பேன்? ஒரு தடவையாவது நன்றி சொன்னாரா மனுஷன்? நீங்க சொல்லவும் பயந்துட்டேன் தம்பி. கடையை மூடிட்டீங்கன்னே நினைச்சேன். பாதிச் சரக்கை எதிர்ல எடுத்துட்டேன்."

பாதி போயிற்று. மீதிப் பாதி இந்தப் போனில் இருந்தது.

"மிச்சத்துக்கு நான் சொன்ன விலைதானே?" என்றார்.

சரி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பயந்தவன் சொல்கிற சரி இந்த வருஷத்தோடு போகாது. வருஷா வருஷம் அதுதான் விலை.

"கட்டாது பாய்."

"அப்ப வேண்டாம்." வைத்துவிட்டார்.

ஹரி வெளிறிப்போனான். "கூப்பிடுங்க அத்தான்!"

"இரு. இப்பதான் முதல் படி."

நெஞ்சு திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. கீழே வண்டி கிளம்பும் சத்தம். எத்தனையாவது படியில் கூப்பிட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்குப் போனில் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.