கிராணி வீட்டுச் சுவிட்ச்

ஜெயபாலன் கிராணியை எனக்கு எப்போதுமே பிடிக்காது. அவர் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கணக்கர்; பதினான்கு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனமெல்லாம் மூட்டை முடிச்சோடு புந்தோங்குக்கும் சிம்பாங் பூலாய்க்கும் சிதறிப் போனது. அவர் மட்டும் ஈப்போவில் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார். ‘தலைமைக் கிராணி’ என்று அதில் இன்னும் இருக்கிறது. தோட்டமில்லை, துரையில்லை, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க ஒரு ஆளில்லை. கிராணி மட்டும் இருக்கிறார்.

எண்பத்து நாலில் இவருக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. டவுனில் வீடியோ கேம் கடை வைத்திருந்த சீனத் தவ்கே ஒருவன் கடையை மூடியபோது மலிவாகத் தள்ளிவிட்ட மூன்று பெட்டிகளை வாங்கினார். ஆள் உயரப் பெட்டி, உள்ளே டிவி, முன்னால் பிடித்து ஆட்ட ஒரு கட்டையும் இரண்டு பொத்தானும். கார் நிறுத்தும் இடத்தைப் பலகை அடித்து மறைத்து, மூன்றையும் வரிசையாக வைத்து, அதற்குக் கேம் ரூம் என்று பெயரும் சூட்டினார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் அறுபது வயதில் கேம் ரூம் கட்டினார்.

தோட்டத்து என்ஜின் வீட்டில் கரண்டு மெஷின் பார்த்த நான் இப்போது புந்தோங்கில் வயரிங் வேலை செய்கிறேன். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கூப்பிட்டனுப்பினார். போனேன். ஆள் எப்படிக் கெட்டிருக்கிறார் என்று பார்க்கிற ஆசைதான், வேறென்ன.

“மூணையும் ஒண்ணாப் போடணும், ஒண்ணா நிறுத்தணும். ஆனா நான் எந்திரிக்கக் கூடாது,” என்றார்.

“நாற்காலி பக்கத்துல ஒரு பொத்தான் வெச்சிரலாங்கய்யா. உள்ள மேக்னெட் சுவிட்ச் ஒண்ணு போட்டா, இங்க அமுக்குனா அங்க விழும்.”

அவர் முகத்தைச் சுளித்தார். “நானா அமுக்குறது?”

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் ஆபீசிலிருந்து என்ஜின் வீட்டுக்கு ஒரு மணி போட்டிருந்தார்கள். சாயங்காலம் அது ஒரு தடவை அடித்தால் லயத்துக்குக் கரண்டு கொடுக்க வேண்டும். ஒன்பதரைக்கு இரண்டு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும். மணியடிப்பது கிராணி, கைப்பிடியை இழுப்பது நான். பிள்ளை அழுதாலும் சரி, உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தாலும் சரி, மொத்த லயமும் இருட்டாகும்; அவர் கையில் தூசிகூடப் படாது. அதே ஏற்பாடுதான் இப்போது வீட்டிலும் வேண்டுமாம். நாற்காலி பக்கத்தில் மணிக்கு ஒரு பொத்தான். அடுப்படியில் மணியும், கைப்பிடி வைத்த இரும்புச் சுவிட்சும். தீபாவளியன்று பழைய லயத்து ஆட்களுக்கெல்லாம் விருந்து வைக்கிறார். அன்றைக்குச் சுவிட்ச் பக்கத்தில் நான் உட்கார வேண்டும்.

“நீ இருக்கறப்ப மேக்னெட்டு எதுக்கு லா,” என்றார்.

மனிதனை மேக்னெட்டுக்குக் கீழே வைத்துப் பேசுகிற ஜென்மம். மூஞ்சியில் காறித் துப்பியிருக்க வேண்டும். “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு வயர் வாங்கப் போனேன்.

என் தங்கச்சி வீரம்மாவையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் என்னோடு பேசிப் பதினோரு வருடம். எழுபத்து மூன்றில் அவள் கல்யாண விருந்து லயத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் பத்தரை வரை கரண்டு வேண்டும் என்று நானே ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். கிராணி தலையாட்டினார். ஆனால் ஒன்பதரைக்குச் சரியாக இரண்டு தடவை மணி அடித்தது. நான் என்ஜின் வீட்டில் புது வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, இழுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் இலையில் கையை வைத்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ‘இருட்டுல வந்தவ’ என்று மாமியார் வீட்டில் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரோடுதான் மூன்று பிள்ளை பெற்றாள்.

தீபாவளியன்று காலை ஏழு மணிக்கே கிராணி மணியை ஒரு தடவை அடித்தார். கைப்பிடியைத் தூக்கினேன், பெட்டிகள் மூன்றும் கத்த ஆரம்பித்தன. விருந்தாளிகள் வருவதற்குள் மூன்று மணி நேரம் நடுப்பெட்டியின் முன்னால் குந்தி, வானத்திலிருந்து இறங்கும் பூச்சிகளைச் சுட்டுச் சுட்டு, ஒன்பதாயிரத்து இருநூறு புள்ளி எடுத்தார். அந்த எண் திரையின் உச்சியில் நின்றது. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும். கரண்டு போனால் எண்ணும் அழிந்துபோகும் என்று தவ்கே சொல்லியிருந்தான். “நான் அடிக்காம சுவிட்சத் தொடாதடா,” என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஊரை அடக்கி ஆண்ட மனுஷன், பூச்சி சுட்ட எண்ணுக்குக் காவல் போடுகிறார். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

சனம் வந்தது. பத்து வருடம் கழித்தும் அதே குழைவுதான். “ஐயா வீடு அரமணை மாதிரி இருக்கு” என்று ஆளுக்கு ஆள் சொல்லி முறுக்கைக் கடித்தார்கள். கை கழுவ அடுப்படிக்கு வந்த வீரம்மா என்னைப் பார்த்தாள். சுவிட்சையும் மணியையும் பார்த்தாள்.

“இங்கயும் நீதான் இழுக்கிறியா?”

பதினோரு வருடத்தில் முதல் பேச்சு அதுதான்.

“இன்னிக்கு இழுக்க மாட்டேன் வீரம்மா,” என்றேன்.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுப்படிக் கதவு வழியாக நடுப்பெட்டி நன்றாகத் தெரியும். எல்லாரும் விளையாடித் தோற்றபின், கிராணியே, “நீயும் தொட்டுப் பாரேன் லா,” என்று அவளைக் கூப்பிட்டார், சிரிப்பதற்காக. அவள் பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போனவள். இப்போது ஃபேக்டரியில் பூதக்கண்ணாடிக்குள் பார்த்து மயிரிழைக் கம்பி ஒட்டுகிறாள். அந்த விரல்களைப் பற்றிக் கிராணிக்கு என்ன தெரியும். முதல் ஆட்டம் தடுமாறினாள். இரண்டாவது ஆட்டத்தில் சனம் பெட்டியைச் சுற்றிக் கூடிவிட்டது. சன்னாசி மாமா, மரம் வெட்டுகிறவர்களை மேய்த்த பழைய மண்டோர், எண்ணைச் சத்தமாகப் படித்தார்.

“ஆறாயிரம். ஏழு. எட்டாயிரத்து ஐநூறு.”

கிராணியின் சிரிப்பு மெல்ல வாடியது. ஒன்பதாயிரத்தைத் தாண்டியபோது அவர் கை பொத்தானுக்குப் போனது. என் தலைக்கு மேலே மணி இரண்டு தடவை அடித்தது.

நிறுத்தினால் அவருடைய எண்ணும்தான் போகும். போகட்டும், லயத்துப் பெண் ஒருத்தி மேலே ஏறக் கூடாது. அவ்வளவுதான் அந்த மனிதர். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். வீரம்மா திரும்பிப் பார்க்காமல் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒம்பதாயிரத்து நூறு,” என்றார் சன்னாசி மாமா.

மறுபடியும் இரண்டு தடவை அடித்தது. கிராணி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்ப வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை. இழுக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும்? வேலை போகாது, வீடு போகாது, சம்பளம் போகாது. ஒரு மயிரும் போகாது. அதெல்லாம் தெரிந்தே, “ஒம்பதாயிரத்து நூத்தம்பது” என்று சன்னாசி மாமா சொல்லி வாய் மூடுவதற்குள் இழுத்தேன்.

மூன்று திரையும் செத்தன.

“சரி சரி, சாப்பாடு ஆறிடும், வாங்க,” என்று கிராணி எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வீரம்மா கட்டையிலிருந்து கையை எடுத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சன்னாசி மாமாவிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

“அஞ்சு வெள்ளிய எடுங்க மாமா. எங்கண்ணே இழுத்துரும்னு சொன்னேன்ல.”

அடுப்படியிலிருந்து போனதுமே, மணி அடித்தால் நான் இழுப்பேன் என்று பந்தயம் கூப்பிட்டிருக்கிறாள். மாட்டேன் என்று கட்டியவர் சன்னாசி மாமா ஒருவர்தானாம். சட்டைப் பையிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் பார்க்காமல் சாப்பிடப் போனார்.