அபிலாஷ் எடுத்த பணம்

மூவாயிரத்து நூற்று அறுபத்து நான்கு ரூபாய் முப்பத்தைந்து காசு. பாங்கிலிருந்து பைக்கில் வந்த ஆள் வாசலில் நின்றபடியே தொகையைச் சொன்னான். தலையிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் மழைக்கோட்டிலிருந்து ஜூலை மழை படியில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கவுண்டில் கிடந்ததெல்லாம் தீர்ந்து, இல்லாத பணத்திலும் இவ்வளவு போயிருக்கிறது, பத்து நாளில் கட்டாவிட்டால் அடுத்த தடவை நான் வரமாட்டேன், வேறு மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று மட்டாஞ்சேரிச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். ராஜப்பன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பைக் சத்தம் சந்து திரும்பியதும் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு சரோஜம்மாவைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பு விழுந்துபோன இந்த ஏழு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"எடுத்திருக்கான்டீ."

"எவ்ளோ?"

"மூவாயிரத்துக்கு மேல. நம்ம போட்டது தீந்தும், இல்லாத காசையும் எடுத்திருக்கான்."

சரோஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம் மோன் எங்க பட்டினி கெடந்தானோ."

அபிலாஷ் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தோப்பும்படியில் ஒரு இறால் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை பார்த்தான். சம்பளம் போடுவதற்காக எர்ணாகுளத்தில் ஏசி வைத்த ஒரு பாங்கில் கம்பெனியே அக்கவுண்ட் எடுத்துக் கொடுத்தது. கூட ஒரு பேர் சேர்க்கலாம் என்றதும் அப்பன் பேரைச் சேர்த்தான். பிறகு கூட்டுக்கு ஆள் பிடித்து சொந்தமாக இறால் எடுத்து விற்கப் போனான். கூட்டாளி முழுங்கிவிட்டு ஓடினான். பஜார் ரோட்டில் தெரிந்தவன், தெரியாதவன் எல்லோரும் வட்டி கேட்டு வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, அப்படி ஒருத்தன் சரோஜம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போன சாயங்காலம், ராஜப்பன் மகனை நடுச்சந்தில் நிறுத்தி, இனி இந்த வாசலில் கால் வைக்காதே என்றார். அவன் கிளம்பிவிட்டான். ஒரு பையும், சட்டைப் பையில் அந்த பாங்க் கார்டும். அவ்வளவுதான். போன் அன்றைக்கே அடங்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்துத் தபாலில் பாங்கு கடலாஸ் வந்தது, கணக்கு அடித்த ஒரு தாள். ராஜப்பன் எழுத்துப் படித்ததே முப்பத்தெட்டாவது வயதில். ஜில்லாவில் கைநாட்டு ஒருத்தனும் இருக்கக்கூடாது என்று ஊரெல்லாம் கிளாஸ் நடந்த காலம். அவரைப் போல மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்கு யூனியன் ஆபீசில் பெஞ்சு போட்டு, மிளகு மூட்டை இறக்கிவிட்டு வந்த கையில் சிலேட்டைக் கொடுத்தார்கள். மலையாள எழுத்தும் எண்ணும் வந்தன. இங்கிலீஷில் தன் பேரும் மகன் பேரும் மட்டும் பார்த்தால் தெரியும். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமாக அவர் படித்த ஒரே புத்தகம் சுமட்டுக்காரர்களின் கணக்கு நோட்டுத்தான். அதில் ஆளுக்கொரு பக்கம். ஒரு வரிசை வரவு, ஒரு வரிசை பற்று. அவசரத்துக்கு முன்பணம் வேண்டியவன் நேரில் வந்து, கைநீட்டி வாங்கி, கையொப்பம் போட்டால்தான் பற்று வரிசையில் எண் விழும். ஆள் வராமல் அங்கே ஒரு காசு குறையாது.

பாங்கு கடலாஸிலும் இரண்டு வரிசை இருந்தது. பற்று வரிசையில் எண் விழுந்திருந்தது. அப்படியென்றால் ஆள் வந்திருக்கிறான். எங்கேயோ ஒரு ஊரில், உயிரோடு, கைநீட்டி வாங்கியிருக்கிறான்.

அந்தக் கடலாஸை அவர் யாரிடமும் காட்டவில்லை. இங்கிலீஷ் படித்தவன் கண்ணில் பட்டால், மகன் பணம் எடுத்த ஊர் பேர் வெளியே வரும். வட்டிக்காரர்களுக்கு அது போதும். மறு மாதத்திலிருந்து மாதாமாதம் இருநூறு ரூபாய் கொண்டுபோய்க் கட்டினார். மகன் கைநீட்டும்போது இல்லை என்று ஆகிவிடக்கூடாது. மூன்று மாதத்துக்கொரு தடவை கடலாஸ் வரும்; சரோஜம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள்; அவர் விரல் வைத்துப் படிப்பார். எண்ணூற்று நாற்பத்திரண்டு ரூபாய் எழுபது காசு. நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பத்தாறு காசு. காசு வரைக்கும் எண்ணி எடுத்திருக்கிறானே, பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் மேலே தொடவில்லையே என்று அந்த எண்ணையே மறுபடி விரலால் தடவுவார். படித்து முடித்ததும் சரோஜம்மா அதைப் பிஸ்கட் டின்னில் வைப்பாள். போன டிசம்பரில் சுக்கு மூட்டையோடு இடுப்பு பிடித்துக்கொண்டு விழுந்தார். பணம் கட்டுவது நின்றது. அதோடு கடலாஸும் நின்றுபோனது.

சரோஜம்மாவின் கம்மலை அடகு வைத்தார்கள். முப்பத்தைந்து காசுக்கு, நாலணாவோடு ஒரு பத்துக் காசையும் எங்கிருந்தோ தேடி எடுத்துக் கொடுத்தாள். "பைசா குறைஞ்சா கணக்கு நிக்காது" என்றாள். பிறகு, "எந்த ஊருன்னு கேட்டுட்டு வாங்க. நம்ம போக வேண்டாம். தெரிஞ்சா மதி, அது போதும்."

கவுண்டரில் இருந்த பெண், தமிழ் வாடை அடித்த அவர் மலையாளத்தைக் கேட்டதுமே தமிழுக்கு மாறினாள். பாலக்காட்டுத் தமிழ். விஷ்ணுப்ரியா என்று இங்கிலீஷில் சட்டையில் குத்தியிருந்ததை அவரால் படிக்க முடியவில்லை. முன்னால் நின்ற ஆள் கூப்பிட்டதைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

"கட்டத்தான் வந்தேன் மோளே. அதுக்கு முன்ன, கடைசியா எந்த ஊர்ல எடுத்திருக்கான்னு பாத்துச் சொல்றியா?"

"யாரு?"

"எம் பய, அபிலாஷ். அவன் பேரும் இதுல உண்டு."

அவள் கம்ப்யூட்டரை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தாள். "இதுல ஆரும் ஒண்ணும் எடுக்கலையே சேட்டா. ரெண்டாயிரத்தாறுல, ஓணத்துக்கு முன்னாடி ஒரு ஆயிரம். அப்பறம் கார்டைத் தொட்டதே இல்லையாக்கும்."

ராஜப்பன் பிளாஸ்டிக் கவரிலிருந்து கடலாஸ்களை எடுத்து விரித்தார். "இந்தா. எண்ணூத்தி நாப்பத்திரெண்டு. இதோ பாரு, மறுபடியும்."

"அது பாங்க் பிடிச்சதாக்கும். இதுல எப்பவும் அஞ்சாயிரம் கெடக்கணும். கெடக்கலேன்னா மூணு மாசத்துக்கு எழுநூத்தம்பது, அதுக்கு மேல டாக்ஸ். சம்பளம் வந்துண்டிருந்த வரைக்கும் இதொண்ணும் இல்லை. அது நின்னதும் சாதா அக்கவுண்ட் ஆயிடுத்து. கடைசியில கிடக்கற பணம் தீந்துபோய், கடனாயி, அதுக்கு வட்டியும்…"

"இந்த நூத்திப் பன்னெண்டு?"

அவள் கடலாஸின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "அது… இந்தக் கடலாஸைத் தபால்ல அனுப்பினதுக்கு."

பின்னால் டோக்கனோடு நின்ற ஒருத்தன் சிரித்தான். "மிஷின் முப்பத்தாறு பைசா துப்புமா சேட்டா? நூறு, அஞ்ஞூறுன்னு முழுசாத்தான் வரும். இதுகூட அறியாமயா இந்த வயசாச்சு?"

"நான் மாசாமாசம் கட்டினது?"

"எல்லாம் அதுலதான் போயிடுத்து சேட்டா."

ஏசிக் காற்று ஈரச்சட்டையில் பட்டு முதுகு விறைத்தது. பிறகும் அவர் கேட்டார். ஒருவேளை என்று ஒன்று மனிதனை விடுவதில்லை. "ஆறு மாசமா கடலாஸ் வரலையே?"

"இப்போ கடலாஸே கெடையாது. ஈமெயில்தான். அக்கவுண்ட் எடுத்தப்போ உங்க மோன் குடுத்த ஐடிக்குப் போறது."

"அப்ப அவன் வாங்கிப் பாக்குறானா?"

"இல்லை சேட்டா." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லாம் திரும்பி வந்துண்டிருக்கு."

அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அவள் மானேஜர் அறைக்குள் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து, முகமெல்லாம் மலர்ந்து, ஒரு கடலாஸோடு வந்தாள். கடலாஸே கிடையாது என்ற இடத்தில் அவருக்கென்று ஒன்று அடித்திருந்தார்கள்.

"ஒரு பைசா தர வேண்டாம். மொத்தமும் எழுதித் தள்ளியாச்சு, அக்கவுண்டையும் அடைச்சாச்சு. இனி ஆரும் ஆத்து வாசல்ல வந்து நிக்க மாட்டா."

ராஜப்பன் மடியிலிருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மேலே நாலணாவும் பத்துக் காசும். "இதை வச்சுக்கோ மோளே. அடைக்க வேண்டாம். கடன் இருந்தா இருக்கட்டும், வட்டி போடுங்க, நான் கட்டிக்கறேன். அவன் எங்கயாச்சும் நின்னு அந்தக் கார்டைப் போட்டுப் பாத்தான்னா…"

"அக்கவுண்டே இல்லையே சேட்டா. எதுல போடறது?"

அவள் நோட்டுகளை அடுக்கி, காசுகளை மேலே வைத்து, கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்து வழியாகத் திருப்பித் தள்ளினாள்.

வெளியே மழை விட்டிருக்கவில்லை. பாங்கின் பக்கத்திலேயே ஏடிஎம் கூண்டு. அதன் இறவாணத்தில் ஒதுங்கி நின்றார். உள்ளே அபிலாஷ் உயரத்தில் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மிஷின் பணத்தைக் கொடுத்தது. கூடவே ஒரு துண்டுக் கடலாஸையும் நீட்டியது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை, கூடையில் எறிந்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பிராட்வே பக்கம் போனான். ராஜப்பன் உள்ளே போய்க் குனிந்தார். இடுப்பு சுளீரென்றது. கூடையின் மேலே அது கிடந்தது. ஐந்நூறு என்று இருந்தது. பக்கத்தில் இரண்டு பூஜ்யம். காசு இல்லை, முழு எண்.

மட்டாஞ்சேரி படகுத்துறையில் போட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது சரோஜம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கம்மல் இல்லாத காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

"கட்டியாச்சா?"

"தீந்துச்சு."

"எடுத்திருக்கானா?"

சட்டையின் உள்பையில் பாங்கு கொடுத்த கடலாஸ் நாலாக மடிந்து கிடந்தது. மேல்பையில் கூடையிலிருந்து எடுத்த துண்டு. ராஜப்பனின் கை நெஞ்சருகே போய் நின்றது. பிறகு மேல்பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். எண் அவளுக்குத் தெரியும். பஸ் நம்பரும் ரேஷன் கடைப் பலகையும் படிக்கிறவள்தான்.

"அஞ்ஞூறு!" என்றாள். "முன்ன எல்லாம் சில்லறை சில்லறையா எடுத்தான். பாத்தீங்களா, இப்ப முழுசா எடுத்திருக்கான். வேலை கிடைச்சிருக்கும்."

அவர் ஈரச்சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சரோஜம்மா பிஸ்கட் டின்னை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். துண்டுக் கடலாஸ் சுருண்டு சுருண்டு போனது. முழங்காலில் வைத்துக் கட்டைவிரலால் நீவினாள். கையை எடுத்ததும் மறுபடி சுருண்டது. இன்னொரு தடவை நீவினாள்.

"எந்த ஊருன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள், தலையை நிமிர்த்தாமலே.